வணிகப் பேராலயம்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில், தென்கோடிக்குச் சற்று மேலே, பார்கிளே தெரு என்றொரு சிறிய தெரு இருக்கிறது. அத்தெருவும் சர்ச் தெருவும் சந்திக்கும் மூலையில் புனித பேதுரு ஆலயம் நிற்கிறது. நியூயார்க் மாநிலத்தின் மிகப் பழைய கத்தோலிக்கப் பங்கு அது, 1785-இல் தோன்றியது. பின்னாளில் புனிதராக உயர்த்தப்பட்ட எலிசபெத் ஆன் சீட்டன் அம்மையார், கணவரை இழந்து ஐந்து குழந்தைகளோடு நின்ற வேளையில், 1805 மார்ச் 14 அன்று கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டது இப்பங்கில்தான். எய்ட்டியில் அடிமையாகப் பிறந்து, நியூயார்க்கில் சிகை அலங்காரத் தொழில் செய்து, தம் வருவாயை ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும் வாரி வழங்கிய வணக்கத்துக்குரிய பியர் துசான் பல்லாண்டுகள் நாள்தோறும் திருப்பலி கண்டதும் இப்பங்கில்தான்.

இன்றுள்ள ஆலயக் கட்டடம் 1836-இல் தொடங்கி 1840-இல் நிறைவுற்றது. அதன் முகப்பை முதன்முறை காண்பவர் சற்றுத் திகைக்கவே செய்வார். தெருவை நோக்கி ஆறு அயோனியத் தூண்கள். அவற்றின்மேல் அகன்ற முக்கோண முகடு. கூர்கோபுரம் இல்லை, கூர்வளைவு இல்லை. ஏதென்ஸ் நகரத்துப் பழந்தெய்வம் ஒன்றின் கோவில் வழிதவறி அமெரிக்காவுக்கு வந்துவிட்டதோ என்று தோன்றும்.

அந்தத் தெருவிலேயே எதிர்ச்சாரியில், பிராட்வே சாலையைத் தொடும் முனைவரை நடந்து சென்று அண்ணாந்து பார்த்தால் இதற்கு நேர்மாறான காட்சி. வெண்பாலின் நிறத்தில் ஒரு கோபுரம் 792 அடி உயரத்திற்கு எழுந்து நிற்கிறது. கூர்முனை விதானங்கள், உதைகால் வளைவுகள், கொடிக்கருக்கு வேலைப்பாடுகள், விளிம்புகளில் எட்டிப்பார்க்கும் விலங்குருக்கள், உச்சியில் செம்பு வேய்ந்த கூர்கூரை என ஐரோப்பியப் பேராலயம் ஒன்றில் காணக்கூடியவை எல்லாம் இங்கும் உண்டு. ஆனால் உள்ளே பீடமும் இல்லை, நற்கருணைப் பேழையும் இல்லை. அது ஐந்து சென்டுக்கும் பத்து சென்டுக்கும் பொருள் விற்ற ஒரு கடைக்காரர் எழுப்பிய அலுவலகக் கட்டடம். ஆலயம் கோவிலின் ஆடையை உடுத்திருக்க, வாடகைக் கட்டடம் ஆலயத்தின் ஆடையை உடுத்திருக்கும் இத்தெருவை நினைக்கும்போதெல்லாம், வடிவம் என்பது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கட்டடத்தின் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறேன்.

பிராங்க் வின்ஃபீல்ட் வூல்வொர்த் 1852-இல் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், ராட்மன் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். மாட்டுக்கொட்டிலைவிடக் கடை மேலானது என்று எண்ணிய இளைஞர் வாட்டர்டவுன் நகரில் ஒரு துணிக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். 1878-இல் அக்கடையில், விலைபோகாத சில்லறைப் பொருள்களை ஒரு மேசையில் குவித்து எதை எடுத்தாலும் ஐந்து சென்ட் என்று எழுதி வைத்தனர். ஒரே நாளில் மேசை காலியானது. மறு ஆண்டு யூட்டிகா நகரில் அவர் தாமே திறந்த ஐந்து சென்ட் கடை சில மாதங்களில் படுத்துவிட்டது. அதே ஆண்டு சூன் மாதம் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் திறந்த கடை நின்றது. அந்த 1879 என்னும் எண்ணை நினைவில் வைத்திருப்போம். பின்னால் மீண்டும் சந்திப்போம்.

அந்த லங்காஸ்டர் கடையைப் பற்றி ஒரு செய்தி உண்டு. 1880-இல் இறக்குமதி வணிகர் ஒருவர், ஜெர்மனியின் லவ்ஷா ஊர்க் குடிசைகளில் ஊதிச் செய்யப்பட்ட வண்ணக் கண்ணாடிக் கோளங்களைக் கொண்டுவந்து, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடலாம் என்றார். கைபட்டால் உடையும் இந்தப் பயனற்ற பொருளை யார் வாங்குவார் என்று வூல்வொர்த் தயங்கினாராம். அரை மனத்தோடு 25 டாலருக்கு மட்டும் வாங்கினார். இரண்டே நாளில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. அதன்பின் ஆண்டுதோறும் அவற்றை வாங்கிக் குவித்தார். கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்கள் அவருடைய செல்வத்திற்குப் பெருந்துணை ஆயின. பயன் ஏதுமற்ற அழகுக்கும் மனிதர் காசு கொடுப்பர் என்பதை அன்றே அவர் கற்றிருக்க வேண்டும்.

1912-இல் போட்டியாளர்களின் கடைகளையும் இணைத்துக்கொண்டபோது அவர் நிறுவனத்திடம் 596 கடைகள் இருந்தன. இந்தச் செல்வத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மலிவான சரக்கை விற்க வேண்டுமானால் மலிவான ஊழியர் வேண்டும் என்று 1892-இல் தம் கடை மேலாளர்களுக்கு அவர் எழுதினார். கடை மேசைக்குப் பின்னால் நின்றவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். தொழிலாளியின் நியாயமான கூலியைப் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் சுற்றுமடல் எழுதியது அதற்கு முந்திய ஆண்டில், 1891-இல். இரண்டு மடல்களும் ஒரே காலத்தின் குரல்கள். பின்னாளில் வூல்வொர்த் ஊழியருக்குக் கிறிஸ்துமஸ் ஊக்கத்தொகை வழங்கினார் என்பது உண்மை. ஆயினும் அக்கடைகளின் கூலி குறைவாகவே நீடித்தது. 1937-இல் டெட்ராய்ட் நகரத்துக் கடை ஒன்றில் விற்பனைப் பெண்கள் கடைக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெறும் நிலை வந்தது.

இனி நகரத்தின் உயரங்களைப் பார்ப்போம். 1846-இல் கட்டி முடிக்கப்பட்ட திரித்துவ ஆலயத்தின் கூர்கோபுரம் 281 அடி. ஆங்கிலிக்க மரபைச் சேர்ந்த அந்த ஆலயத்தின் சிலுவைதான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நியூயார்க் துறைமுகத்திற்கு வரும் மாலுமிகளின் கண்ணில் முதலில் பட்டது. 1890-இல் ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் கட்டடம் அதைக் கடந்தது. எஃகுச் சட்டகமும் மின்தூக்கியும் வந்தபின் தடை ஏதும் இல்லை. கட்டடத்தின் சுமையைச் சுவர் தாங்க வேண்டியதில்லை. எலும்புக்கூடு போன்ற எஃகு தாங்கும், சுவர் வெறும் தோலாக மேலே போர்த்தப்படும். 1908-இல் தையல் இயந்திர நிறுவனமான சிங்கரின் கோபுரம் 612 அடியைத் தொட்டது. மறு ஆண்டே காப்பீட்டு நிறுவனம் ஒன்று, வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு ஆலயத்தின் மணிக்கூண்டை மாதிரியாகக் கொண்டு 700 அடிக் கோபுரம் எழுப்பியது. ஆலயங்களின் உயரத்தைக் கடந்தவர்கள் ஆலயங்களின் வடிவத்தை விட்டுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வூல்வொர்த் தேர்ந்தெடுத்த கட்டடக் கலைஞர் காஸ் கில்பர்ட். மினசோட்டா மாநிலத் தலைமை மன்றக் கட்டடத்தை வடிவமைத்துப் புகழ்பெற்றவர். பிற்காலத்தில் வாஷிங்டனில் உச்சநீதிமன்றத்தின் பளிங்குக் கட்டடமும் அவர் வரைந்ததே. கில்பர்ட் கனவுலகில் வாழ்ந்தவர் அல்லர். வானளாவிய கட்டடம் என்பது நிலத்திலிருந்து வருமானம் எடுக்கும் ஓர் இயந்திரம் என்று 1900-இலேயே எழுதியவர். அதே மனிதர்தான், ஒரு கட்டடம் மேலே செல்லச் செல்ல அதன் ஆன்மிகத் தன்மை கூட வேண்டும், அதற்கு கோதிக் பாணியே உகந்தது என்றும் எழுதினார். இரண்டு கருத்தும் ஒருவர் நெஞ்சில் ஒருசேர இருக்க முடியுமா என்று கேட்கலாம். இருந்தன, அந்த முரண்தான் இக்கட்டடத்தின் கல்லிலும் மண்ணிலும் உறைந்திருக்கிறது.

முதலில் திட்டமிட்ட உயரம் இதைவிடக் குறைவு. ஐரோப்பியப் பயணங்களில் அந்நாட்டார் சிங்கர் கட்டடத்தைப் பற்றி ஆவலோடு விசாரித்ததைக் கேட்ட வூல்வொர்த், ஒரு கோபுரம் எத்தகைய விளம்பரம் என்பதைக் கண்டுகொண்டார். கில்பர்ட் வரைந்த உயரத்தை அவர் கூட்டிக்கொண்டே போனார். இறுதியில் அது 792 அடியில் நின்றது. 60 மாடி என்று உலகம் அதை அறிந்தது. செலவு ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சம் டாலர். தொடக்கத்தில் ஒரு வங்கியைக் கூட்டாகச் சேர்த்துக்கொண்ட வூல்வொர்த், பின்னர் அதன் பங்கையும் வாங்கிவிட்டுத் தம் சொந்தப் பணத்திலேயே கட்டிமுடித்தார். 1930 வரை உலகின் மிக உயர்ந்த கட்டடம் அதுவே.

அடித்தளம் போடுவதே பெரும்பாடாயிற்று. அவ்விடத்தில் பாறை நூறு அடிக்கும் கீழே, நீர் ஊறும் மணலுக்கு அடியில் இருந்தது. அழுத்தக் காற்று நிரப்பிய 69 எஃகு உறைகளைக் கிணற்று வளையம் இறக்குவதுபோல் இறக்கி, உள்ளே தொழிலாளர்கள் மண்ணை அகழ்ந்து, பாறையைத் தொட்டபின் கான்கிரீட் இட்டு நிரப்பினர். அதன்மேல் எழுந்த எஃகுச் சட்டகத்தைக் கணக்கிட்டவர் நார்வே நாட்டுப் பொறியாளர் குன்வால்ட் ஆஸ். காற்றின் விசையைத் தாங்கவே எஃகில் பெரும்பகுதி தேவைப்பட்டது. இவ்வளவு உயரமான கோபுரத்தில் சுமையைவிடக் காற்றுதான் பெரிய எதிரி.

கட்டடத்தின் அமைப்பு எளியது. ஏறத்தாழ முப்பது மாடிகளுக்கு ஓர் அகன்ற அடிக்கட்டு. பின்புறம் வெளிச்சத்துக்காகத் திறந்தவெளி விட்டு, மேலிருந்து பார்த்தால் கவணின் கவைபோல் இரு சிறகுகள். பிராட்வே முகப்பின் நடுவிலிருந்து கோபுரம், இடையில் எங்கும் உடைபடாமல், தெருமட்டத்திலிருந்து உச்சிவரை ஒரே வீச்சில் எழுகிறது. கில்பர்ட்டின் திறமை முழுவதும் இந்த நேர்கோடுகளில் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. உள்ளே எஃகுத் தூண் எங்கெங்கே நிற்கிறதோ அங்கங்கே வெளியே ஒரு செங்குத்து முகட்டை எழுப்பி, சன்னல்களையும் மாடிப் பிரிவுகளையும் சற்று உள்வாங்கச் செய்தார். கண் கிடைமட்டத்தில் ஓய்வு கொள்ளாமல் மேலேறிக்கொண்டே போகிறது. பழைய கோதிக் பேராலயத்தில் இந்த நேர்கோடு சுமையைத் தரைக்கு இறக்கும் கல்லின் உழைப்பு. இங்கே அது எஃகின் உழைப்பைச் சொல்லும் திரைச்சீலை. திரைதான், ஆனால் பொய் சொல்லாத திரை. மேல்மாடியில் உள்ள உதைகால் வளைவுகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சார்த்ரு, ரேன்சு பேராலயங்களில் சுவர் சரியாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அதே உறுப்பு இங்கே எதையும் தாங்கவில்லை. அழகுக்காக மட்டுமே நிற்கிறது.

அந்தத் திரை எதனால் ஆனது? கீழ்ச் சில மாடிகள்வரை சுண்ணாம்புக்கல். அதற்குமேல் உச்சிவரை சுடுமண். ஆம், பானை வனையும் அதே களிமண்ணின் உறவுதான். தொடக்க நூலின் 11-ஆம் அதிகாரத்தில், விண்ணைத் தொடும் கோபுரம் கட்டப் புறப்பட்டோர் கல்லுக்குப் பதிலாகச் சுட்ட செங்கல்லை எடுத்துக்கொண்டதாக வருவது இங்கே நம் நினைவுக்கு வராமல் இராது. ஆனால் பாபேலைச் சொல்லி இக்கட்டடத்தை ஒதுக்கிவிடுவது எளிது என்பதாலேயே அதை இத்தோடு நிறுத்துகிறேன். சுடுமண்ணைத் தேர்ந்ததற்கு உலகியல் காரணங்கள் இருந்தன. கல்லைவிட எடை குறைவு. நெருப்பில் பிறந்ததால் நெருப்புக்கு அஞ்சாது. எஃகை வெப்பத்திலிருந்து காக்கும். மெருகுப்பூச்சு இருப்பதால் மழை கழுவிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை செதுக்கிய உருவை அச்செடுத்து நூறு முறை வார்க்கலாம்.

வேலை நடந்த முறை சுவையானது. கில்பர்ட்டின் அலுவலகத்தில் பூவேலையும் விதானமும் அளவோடு வரையப்படும். டொனலி, ரிச்சி என்னும் இரு சிற்பிகளின் பட்டறையில் அந்த வரைபடம் உருவம் பெறும். அட்லாண்டிக் சுடுமண் நிறுவனத்தின் கூடங்களில் அச்சு எடுத்து, ஈரக் களிமண்ணைக் கையால் அழுத்தி, உள்ளே பொள்ளலான பெட்டிபோல் வார்த்து, உலர்த்தி, மெருகு தெளித்துச் சூளையில் வைப்பார்கள். களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும்; ஆகவே அச்சை அதற்கேற்பப் பெரிதாகச் செய்ய வேண்டும். சூளையிலிருந்து வந்த ஒவ்வொரு துண்டுக்கும் எண் இட்டு, கட்டடத்தில் அதற்குரிய இடத்தில் இரும்புக் கொளுவிகளால் சட்டகத்தோடு பிணைப்பார்கள்.

நிறத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் கோபுரம் வெண்மையாகத் தெரியும். உண்மையில் அது பாலாடை நிறம். குழிவான பின்புலங்களில் நீலம், பச்சை, காவி போன்ற வண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. உயரத்தில் நிழல் போதிய ஆழம் காட்டாது என்பதை அறிந்த கில்பர்ட், நிழல் விழ வேண்டிய இடத்தில் வண்ணத்தைத் தீட்டிவிட்டார். அதுபோலவே மேலே போகப் போக உருக்களின் அளவைப் பெரிதாக்கினார். தெருவில் நிற்பவரின் கண்ணுக்கு ஐம்பதாவது மாடியின் கொடிக்கருக்கும் தெளிவாக விளங்க வேண்டும் என்பது நோக்கம்.

இங்கேதான் பழைய பேராலயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எனக்குத் துலங்குகிறது. இடைக்காலத்துச் சிற்பி, எந்த மனிதக் கண்ணும் எட்டாத கூரை மறைவிலும் இலையின் நரம்பைத் தவறாமல் செதுக்கினான். அங்கே பார்ப்பவர் வேறு ஒருவர் என்று அவன் நம்பினான். கில்பர்ட்டின் பூக்களோ பார்வையாளனின் தொலைவைக் கணக்கிட்டு வளர்க்கப்பட்டவை. அதைக் குறை என்று சொல்லவில்லை. மக்கள் நடமாடும் தெருவுக்கு ஒரு கட்டடம் காட்டும் மரியாதை அது. விளிம்புகளில் வௌவால், ஆந்தை, தவளை, பெலிக்கான் பறவை முதலிய உருக்களும் வைக்கப்பட்டன. தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டுவதாகக் கருதப்பட்ட பெலிக்கான், நம் ஆலயங்களில் நற்கருணையின் அடையாளம். இங்கே அது தவளைக்கும் வௌவாலுக்கும் நடுவே ஒரு வேடிக்கைப் பறவை.

உள்ளே நுழைந்தால் காலம் பின்னோக்கிப் போகிறது. வெளிப்புறம் பதினைந்தாம் நூற்றாண்டு என்றால், முன்கூடம் ஐந்தாம் நூற்றாண்டு. இத்தாலியின் ரவென்னா நகரில் உள்ள கல்லா பிளாசிதியாவின் கல்லறைச் சிற்றாலயத்தை நினைவூட்டும் வகையில், வளைகூரை முழுதும் நீலம், பச்சை, பொன் நிறக் கண்ணாடிச் சில்லுகளால் ஆன மொசைக் வேலை. கிரேக்கத் தீவான ஸ்கைரோசிலிருந்து கொண்டுவந்த வரிப் பளிங்கு சுவர்களை மூடுகிறது. கூடத்தின் தரையமைப்பு சிலுவை வடிவம். சிலுவையின் கைகள் நீளும் இருபக்கத்து மேல்மாடங்களில் பால் ஜென்னவைன் தீட்டிய இரண்டு ஓவியங்கள்: ஒன்று உழைப்பு, மற்றொன்று வணிகம். பொற்பின்னணியில் அரியணை அமர்ந்த பெண்ணுருவாக அவை வரையப்பட்டுள்ளன. பழைய இத்தாலியப் பீட ஓவியங்களைக் கண்டு பழகிய எவருக்கும், அந்த அரியணையில் அமர்ந்திருக்க வேண்டியவர் யார் என்பது உடனே தெரியும். உழைப்புக்கும் வணிகத்துக்கும் சம உயரத்தில் இடம் கொடுத்த ஓவியத்தை, கடைப்பெண்களின் கூலிக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கையில் என் மனம் அமைதி கொள்வதில்லை. உள்ளே படிக்கட்டுக் கூடத்தின் மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை. அதன் ஓரங்களில் வணிக நாடுகளின் பெயர்களும், 1879, 1913 என்னும் இரண்டு ஆண்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. லங்காஸ்டர் கடை திறந்த ஆண்டும், இக்கட்டடம் திறந்த ஆண்டும்.

இவ்வளவு மிடுக்குக்கு நடுவே, எனக்கு மிகவும் பிடித்தவை உத்தரத்தைத் தாங்குவதுபோல் அமைந்த சில குறுஞ்சிற்பங்கள். இடைக்காலப் பேராலயங்களில் தூணின் தலைப்பிலோ மூலையிலோ கொத்தனாரின் முகமோ கொடையாளியின் முழந்தாளிட்ட உருவமோ எட்டிப்பார்க்கும் அல்லவா? அந்த மரபில் இங்கும் கட்டடத்தோடு தொடர்புடையோரைக் கேலிச்சித்திரம்போல் செதுக்கி வைத்தார்கள். பொறியாளர் ஆஸ் ஓர் எஃகு உத்தரத்தை அளந்துகொண்டிருக்கிறார். ஒப்பந்தக்காரர் ஹோரோவிட்ஸ் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். வங்கித் தலைவரும் வாடகை முகவரும் உண்டு. கில்பர்ட், மூக்குக்கண்ணாடியும் மீசையுமாக, தம் கட்டடத்தின் சிறுமாதிரியைக் குழந்தைபோல் அணைத்திருக்கிறார். ஆலயத்தைக் கட்டிய ஆயர் அதன் மாதிரியைக் கையில் ஏந்தி நிற்கும் பழைய ஓவியங்களின் நகல் அது. வூல்வொர்த்தோ முழங்காலை மடக்கிக்கொண்டு, பெரிய நாணயம் ஒன்றைப் பற்றியவாறு காசு எண்ணிக்கொண்டிருக்கிறார். கோடிக்கணக்கில் செலவிட்டவரைக் காசெண்ணுபவராகக் காட்ட ஒரு சிற்பி துணிந்ததும், அதை அந்த மனிதர் அப்படியே இருக்க விட்டதும் நல்ல செய்திகள். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவரிடம் ஏதோ ஒரு பணிவு எஞ்சியிருக்கிறது. இந்தச் சிற்பவரிசையில் கிணற்று உறைகளுக்குள் மண் அகழ்ந்த தொழிலாளிக்கு இடம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1913 ஏப்ரல் 24 மாலை, வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் ஒரு பொத்தானை அழுத்த, நியூயார்க்கில் இக்கட்டடத்தின் 80,000 மின்விளக்குகள் ஒரே நொடியில் ஒளிர்ந்தன. கில்பர்ட்டைச் சிறப்பிக்க 27-ஆவது மாடியில் பெருவிருந்து நடந்தது. புரூக்ளினில் போதகராய் இருந்த பார்க்ஸ் கேட்மன் என்பவர் இக்கட்டடத்துக்குச் சூட்டிய பெயர்தான் வணிகப் பேராலயம். இங்கிலாந்தில் பிறந்து, சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து, பின்னர் சொல்வன்மையால் புகழ்பெற்ற சீர்திருத்தச் சபைப் போதகர் அவர். அந்தி நேரத்தில் மின்னொளியில் குளித்து நிற்கும் கோபுரத்தைக் கண்டால் கண்ணீருக்கும் எட்டாத உணர்வு எழுகிறது என்று 1916-இல் வெளியான சிறுநூலின் முன்னுரையில் அவர் எழுதினார். வணிகம் நாடுகளைப் பிணைத்து அமைதியை வளர்க்கும் என்பது அவர் நம்பிக்கை. ஐரோப்பாவில் வணிக நாடுகள் ஒன்றையொன்று பதுங்குகுழிகளில் கொன்றுகொண்டிருந்த ஆண்டு அது.

பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் கில்பர்ட் அதை முழுமனத்தோடு ஏற்கவில்லை. தமக்கு முன்மாதிரியாக இருந்தவை பேராலயங்கள் அல்ல, பெல்ஜியத்திலும் வடபிரான்சிலும் உள்ள நகர மன்றங்கள்தாம் என்றார். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. புருசெல்ஸ் நகர மன்றத்தின் கோபுரத்தைப் படத்தில் பார்த்தவருக்கு உறவு புரியும். துணி வணிகரும் நெசவாளர் சங்கங்களும் வாழ்ந்த அந்நகரங்களில் கோதிக் என்பது ஆலயத்துக்கு மட்டும் உரிய பாணியாக இருந்ததில்லை. சந்தைக்கும் மன்றத்துக்கும் வீட்டுக்கும் பொதுவானது. கோதிக் என்றாலே ஆலயம் என்று நாம் நினைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழக்கம். அந்தப் பழக்கத்தால்தான் பார்கிளே தெருவின் கிரேக்க ஆலயமும் நமக்கு வினோதமாகத் தெரிகிறது. 1836-இல் அப்பங்கின் மக்களில் பெரும்பாலோர் ஏழை அயர்லாந்துக் குடியேறிகள். அக்காலத்து நியூயார்க்கில் கண்ணியமான பொதுக்கட்டடம் என்றால் கிரேக்கத் தூண்கள்தாம். அந்தக் கண்ணியத்தைத் தங்கள் ஆண்டவருக்கும் கேட்டுப் பெற்றனர் என்றே அதைக் கொள்ள வேண்டும்.

ஆகவே, வடிவத்தைத் திருடிவிட்டார்கள் என்று வூல்வொர்த்தின்மேல் வழக்குத் தொடர நமக்கு உரிமை இல்லை என்பதே என் கருத்து. கேட்மன் சூட்டிய பெயரைப் பற்றி வேறு விதமாக நினைக்கிறேன். மண்டபத்தை மண்டபம் என்று சொன்ன கட்டடக் கலைஞர் ஒருபுறம். அதைப் பேராலயம் என்று கொண்டாடிய போதகர் மறுபுறம். இருவரில் புனிதத்தைக் காப்பாற்றியவர் கலைஞர்தான்.

வூல்வொர்த் 1919 ஏப்ரலில், 67-ஆம் பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்பு இறந்தார். உலகின் மிக உயர்ந்த கட்டடத்தின் உரிமையாளரைப் பல்லில் ஏற்பட்ட நோய்த்தொற்று கொண்டுசென்றது.

சுடுமண்ணின் கதை அத்தோடு முடியவில்லை. துண்டுகளை இடைவெளியின்றி இறுக்கிப் பொருத்தியதுதான் தவறு. வெயிலிலும் பனியிலும் எஃகும் மண்ணும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும். அதற்கு இடம் விடாததால் மெருகில் கீறல் விழுந்தது. கீறல் வழியே நீர் இறங்கிக் கொளுவிகள் துருப்பிடித்தன. துரு பருத்துத் துண்டுகளைப் பிளந்தது. 1970-களில், கீழே நடப்போர் தலையில் விழுமோ என்று அஞ்சும் நிலை. 1977 முதல் 1981 வரை நடந்த பழுதுபார்ப்பில் ஏறத்தாழ 26,000 சுடுமண் துண்டுகள் கழற்றப்பட்டு, அவற்றின் இடத்தில் கான்கிரீட் வார்ப்புகள் பொருத்தப்பட்டன. உச்சியருகே உள்ள நான்கு சிறுகோபுரங்களுக்கு அலுமினியத் தகடு போர்த்தினர். விலங்குருக்களில் பல காணாமல் போயின, கொடிக்கருக்குகள் எளிமையாக்கப்பட்டன. கீழிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை என்பர். தெருவில் நிற்பவரின் கண்ணையே அளவுகோலாகக் கொண்ட கட்டடத்துக்கு அது போதும் என்று சிலர் சொல்லலாம். அந்தப் பட்டறைகளில் ஈரக்களிமண்ணை விரலால் அழுத்தியவர்களை எண்ணும்போது எனக்குப் போதவில்லை.

அமெரிக்காவில் வூல்வொர்த் சில்லறைக் கடைகள் 1997-இல் மூடப்பட்டன. அவற்றுள் ஒன்று, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், 1960 பிப்ரவரி 1 அன்று கறுப்பின மாணவர் நால்வர் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசையில் அமர்ந்து எழ மறுத்த கடை. மறு ஆண்டு, 1998-இல், நிறுவனம் இக்கட்டடத்தையும் விற்றது.

2001 செப்டம்பர் 11 அன்று, சில கட்டங்களுக்கு அப்பால் உலக வணிக மையத்தின் இரு கோபுரங்களும் சரிந்தபோது, வூல்வொர்த் கட்டடத்தின் சில சன்னல்கள் உடைந்தன. சிதறல் பட்டு ஒரு சிறுகோபுரத்தின் முனை சிதைந்தது. மின்சாரமும் தொலைபேசியும் வாரக்கணக்கில் இல்லை. மற்றபடி அது அசையவில்லை. தீயணைப்புப் படையின் ஆன்மிக வழிகாட்டியான பிரான்சிஸ்கன் துறவி அருட்தந்தை மைக்கேல் ஜட்ஜ் அன்று காலை அங்கே உயிரிழந்தார். தோழர்கள் அவருடைய உடலைச் சுமந்துகொண்டு பார்கிளே தெருவுக்கு வந்து, புனித பேதுரு ஆலயத்தின் பீடத்திற்கு முன்னால் கிடத்தினர்.

அதன்பின் பாதுகாப்பைக் கருதி வூல்வொர்த் முன்கூடம் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 2012-இல் கோபுரத்தின் மேல் முப்பது மாடிகள் ஆடம்பரக் குடியிருப்புகளாக மாற்றுவதற்கென்று விற்கப்பட்டன. பின்னர் சில ஆண்டுகளில், முன்பதிவு செய்து கட்டணம் செலுத்தியோரைச் சிறு குழுக்களாக முன்கூடத்துக்குள் அழைத்துச் சென்று, மொசைக் கூரையையும் நாணயத்தைப் பற்றிக் குந்தியிருக்கும் கடைக்காரரின் உருவத்தையும் காட்டினர்.